வீடு எங்கே என்று கேட்ட மகனுக்கு

கண்ணு,

போனில் பேசினால் "அப்புறம் பேசறேன்மா, ட்யூட்டி இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், அது உன் இஷ்டம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும் என்கிற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஒரு வரி மேலே ஏறும், ஒரு வரி கீழே இறங்கும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதுகிறவன் நீ. அதனால் என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்க உனக்கும் ரொம்ப உரிமை கிடையாது.

அடுத்த மாதம் உன் கப்பல் மறுபடியும் வெளிநாடு கிளம்புகிறது என்று அப்பாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன் லீவு உண்டு, வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் சொன்னாயாம். பெற்ற வீட்டுக்கு வருவதில் முடிவு செய்ய என்னடா இருக்கிறது என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. கோபம் கொஞ்ச நேரம்தான். அப்புறம் அழுகை வந்துவிட்டது. கடைசியாக நாம் பேசினபோது நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லும்மா. சொன்னா வரேன்." நான் சொல்லவில்லை. ரேஷன் கடையைப் பற்றிப் பேசினேன், தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினேன், மூன்றாவது மாடிக்காரியின் சண்டையைப் பற்றிப் பேசினேன். நீ வைத்துவிட்டாய். அந்த நாளைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தெம்பு இல்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீ கடற்படையில் சமையல்காரனாகச் சேர்ந்த செய்தி வந்தபோது டெல்லியில் நம் மதராசி கேம்ப்பே, அந்தக் குடிசை வரிசை அத்தனையும் சிரித்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் போனில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு கப்பல் ஆளுக்குச் சப்பாத்தி போடப் போகிறானாம் என்று நம் தெரு செல்வி அக்கா ஊருக்கெல்லாம் சொன்னாள். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வாழ்நாள் பூராவும் அடுத்தவர் தெருவைக் கூட்டின மனுஷன். நீ யூனிஃபார்மில் நின்ற போட்டோ வந்த அன்றைக்கு அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ வெள்ளையா இருக்கு" என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் சொன்னது அது. உன்னைப் பற்றி அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

முதல் தடவை உன் கப்பல் வெளிநாடு கிளம்பினபோது நாங்கள் இரண்டு பேரும் மும்பைக்கு வந்தோமே. துறைமுகத்தில் ஷாமியானா போட்டு எல்லாருடைய குடும்பத்தையும் உட்காரவைத்து சமோசாவும் ஜூஸும் கொடுத்தார்கள். ஒரு பெரிய அதிகாரியின் சம்சாரம் மைக்கைப் பிடித்து இந்தியில் பேசினார். பிள்ளைகள் கடலில் இருக்கும்போது வீட்டுக் கவலையை அவர்கள் தலையில் கொட்டாதீர்கள், அங்கே இயந்திரத்துக்கும் நெருப்புக்கும் நடுவே வேலை செய்கிறார்கள், மனசு வீட்டில் இருந்தால் கை தப்புச் செய்துவிடும், நல்ல சேதியாகச் சொல்லி அனுப்புங்கள் என்றார். மற்றப் பெண்கள் தலையாட்டிவிட்டு சமோசாவைச் சாப்பிட்டார்கள். எனக்கு சமோசா இறங்கவில்லை. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கப் போகிறவன் என் பிள்ளை. கப்பல் ஆடினால் அந்தச் சட்டி என்ன ஆகும் என்று அதற்கு முன்பே தினமும் நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த அம்மா சொன்னதைச் சத்தியம் மாதிரி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

மறைத்தால் எப்படி வலிக்கும் என்று தெரியாதவளா நான்? தெரியும். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. நீ என் வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது கள்ளக்குறிச்சியில் என் அம்மா செத்துப்போனார்கள். உன் அப்பாவுக்குத் தெரியும், கேம்ப்பில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் காய்ச்சல், படுத்திருக்கிறார்கள் என்றே சொல்லிவந்தார்கள். உன்னைப் பெற்றுத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மாவுக்கென்று சரோஜினி நகரில் ஒரு கம்பளி சால்வை வாங்கியிருந்தேன், அந்த ஊர் வெயிலில் அதை யார் போர்த்துவார்கள் என்று கேட்காமல் உன் அப்பாவும் காசை எடுத்துக் கொடுத்தார். ஊருக்குள் நுழைகிற பஸ்ஸில்தான் எனக்குச் சொன்னார்கள். நான் உன் அப்பாவோடு எத்தனையோ நாள் பேசவில்லை. எல்லாருக்கும் தெரிஞ்சு எனக்கு மட்டும் தெரியாம வெச்சீங்களே என்று கேட்டுக் கேட்டு அழுதேன். வயித்துல புள்ளையோட இருக்கிறவகிட்ட எப்படிச் சொல்றது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். போன லீவில் நீ வந்தபோது அதே கேள்வியை என்னைக் கேட்டாய். நானும் அவர் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். உன் அப்பா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் மானம் போயிருக்கும்.

கேம்ப்பை எடுக்கப் போகிறார்கள் என்கிற பேச்சு நீ கிளம்புகிறதுக்கு முன்பே இருந்தது. நீயும் கேட்டாய். நீ பிறந்ததிலிருந்து இதே பேச்சுதான், எடுக்கிறதாவது என்று சொல்லி அனுப்பினேன். அப்போது அது பொய் இல்லை, நான் அப்படித்தான் நம்பினேன். கேம்ப்பை ஒட்டி ஓடுகிற நாலாவை, அந்தச் சாக்கடை ஓடையைச் சுத்தம் செய்ய இடம் வேண்டும் என்று கோர்ட்டில் முடிவாகி, கதவுகளில் காகிதம் ஒட்டினபோது நீ எந்தக் கடலில் இருந்தாய் என்று எனக்குத் தெரியாது. நமக்கு டெல்லியின் அந்தக் கோடியில், நரேலாவில் வீடு என்றார்கள். செல்வி அக்காவுக்கு எங்கேயும் இல்லை என்றார்கள். அவள் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதபோதே உன் அப்பா சொன்னார், பையனுக்குச் சொல்லிவிடு, பெரியவனாகிவிட்டான், தாங்கிக்கொள்வான் என்று. நான்தான் கேட்கவில்லை. கடல்ல இருக்கிற புள்ள, யாரும் வாயைத் திறக்காதீங்க என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். உன் கூட்டாளிப் பசங்களிடமும் சொன்னேன். அவனவனுக்கு இருக்கிற வீடு போகிற கஷ்டத்திலும் ஒருத்தன்கூட உனக்கு ஒரு மெசேஜ் அனுப்பவில்லை. அவர்கள்மேல் கோபப்படாதே. சொன்னது நான், அவர்கள் என் பேச்சைக் காப்பாற்றினார்கள்.

அதற்கப்புறம் நான் ஆடின நாடகத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது. கப்பல் ஏதாவது துறைமுகத்துக்கு வந்தால் நீ முதல் நாளே மெசேஜ் போடுவாய், நாளைக்கு வீடியோ கால் பண்றேன் என்று. நரேலாவிலிருந்து, கேம்ப் இருந்த ஜங்புராவுக்கு வேலைக்குப் போகிற வழி உனக்கு இப்போது தெரியும். ஒரு பஸ், ஒரு மெட்ரோ, மறுபடி ஒரு பஸ். நான் வேலை செய்கிற வீடுகளில் மற்றதெல்லாம் கைவிட்டுப் போய் ஆன்ட்டி வீடு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. உன் கால் வருகிற நாளில் வேலை முடிந்தாலும் கிளம்பமாட்டேன், அந்தச் சமையலறையில் ஜன்னலோரம் நிற்பேன். ஜன்னலுக்கு வெளியே நீ பார்த்துப் பழகின வேப்பமரம் தெரியும். எப்பப் பார்த்தாலும் வேலையாம்மா, கொஞ்சம் வீட்டுக்குப் போயிப் பேசு, வீட்டைக் காட்டு என்பாய். சார்ஜ் இல்லை என்பேன். ஆன்ட்டி பாவம், எனக்காக டீ போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் மட்டும் கேட்டார்கள், கப் தக் சுபாவோகி, எத்தனை நாள் ஒளித்துவைப்பாய் என்று. அவன் வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

ஆடி மாதம் வந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றின வீடியோ அனுப்பச் சொன்னாய். கேம்ப்போடு கோயிலும் போய்விட்டது, கூழ் எங்கே ஊற்றுவது? போன வருஷம் எடுத்தது போனில் கிடந்தது, அதை அனுப்பிவிட்டேன். நீ உடனே சிரித்துக்கொண்டு பேசினாய், அம்மா இதுல நானே அண்டாவைத் தூக்கிட்டுப் போறேனே என்று. தப்பா அனுப்பிட்டேன்டா, இந்த வருஷம் கூட்டத்துல எடுக்கவே முடியல என்று சமாளித்தேன். நீ நம்பினாய். நீ எல்லாவற்றையும் நம்பினாய். எனக்கு இப்போதும் நெஞ்சில் குத்துவது அதுதான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊசி வலிக்காது என்று சொல்லிக் கூட்டிப்போனால் மூன்று முறை நம்பி வந்தவன் நீ.

கப்பல் திரும்புகிறது, எல்லார் வீட்டிலிருந்தும் வருகிறார்கள், நீங்களும் மும்பைக்கு வாங்க என்று கூப்பிட்டாய். அப்பாவுக்கு லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்றேன். அதுவும் பொய். உன் அப்பா லீவு கேட்கவே இல்லை, நான் கேட்கவிடவில்லை. அத்தனை கூட்டத்தில், பேண்டு வாத்தியத்துக்கு நடுவில் உன் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்று பயம். லீவில் நீ டெல்லி வருகிற அன்றைக்கு நிஜாமுதீன் ஸ்டேஷனிலேயே வந்து நின்று, ஒரு பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்வது என்று மனசுக்குள் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். என்ன வார்த்தை, எப்படி ஆரம்பிப்பது என்றுகூட பஸ்ஸில் போகும்போது சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

கப்பல் கரைக்கு வந்த வீடியோவை விலாஸ்தான் அப்புறம் எனக்குக் காட்டினான். உன்னோடு கப்பலில் சமையல் செய்கிற பையன், நாசிக்காரன், நல்ல பிள்ளை. அவன் அக்கா எடுத்த வீடியோ அது. கப்பல் பக்கத்தில் வருகிறது, பேண்டு வாசிக்கிறார்கள், குழந்தைகள் கொடியை ஆட்டுகிறார்கள். ஏணியில் ஒவ்வொருத்தராக இறங்கி வருகிறார்கள். ஒருத்தன் இறங்கின உடனே ஒரு சின்னப் பெண் குழந்தை பயந்துபோய் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிறது, அப்பாவை அடையாளம் தெரியவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள். விலாஸின் அம்மா அவனைப் பிடித்து உலுக்கி உலுக்கி அழுகிறார்கள். நீ பின்னால் நிற்கிறாய், கையில் அவன் பை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கப்பலையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். அப்புறம் அந்த அம்மா உன்னையும் இழுத்து அணைத்து வாயில் லட்டு வைக்கிறார்கள். அவர்கள் யாரோ, எவரோ, நான் இன்னும் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம் கும்பிட்டுக்கொள்கிறேன். பெற்றவள் செய்ய வேண்டியதை அன்றைக்கு அவர்கள் செய்தார்கள்.

லீவு சீக்கிரம் கிடைத்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. திடீரென்று வந்து நின்றால் அம்மா முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், விலாஸுக்கு நம் வீட்டுச் சாப்பாடு போட வேண்டும் என்று கிளம்பி வந்திருக்கிறாய். நான் அன்றைக்கு நரேலாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது, நீ மும்பையில் இருக்கிறாய் என்றே நினைத்துப் பேசினேன். நீ கத்தவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டாய். "அம்மா, நிஜாமுதீன்ல எறங்கி நடந்து வந்தேன். இங்க ஒண்ணுமே இல்லையே. வீடு எங்கம்மா?"

கையிலிருந்த ஈரத்துணியை அப்படியே கொடியில் போட்டேன். அங்கேயே இரு கண்ணு, அம்மா வரேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்த பஸ்ஸும் மெட்ரோவும் அன்றைக்கு நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. நான் வந்து சேர்ந்தபோது நீ நாலாப் பாலத்தோரம் உன் பையின்மேல் உட்கார்ந்திருந்தாய். விலாஸ் கையில் இரண்டு டீ, உன்னுடையது ஆறிப்போயிருந்தது. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, என்னைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டான். நீ எழுந்திருக்கவில்லை. எவ்ளோ நாளாச்சு என்று கேட்டாய். நான் சொன்னேன். நீ விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, அப்ப நான் எல்லாத்துக்கும் சிரிச்சிட்டு இருந்திருக்கேன் என்றாய். எனக்கு அப்போது அது புரியவில்லை. வீடு போனதற்காகத்தான் இப்படி இருக்கிறாய் என்று நினைத்தேன். உன் கூட்டாளியின் முன்னால் அவமானமாகப் போய்விட்டதோ என்றும் நினைத்தேன். நாங்கள் நொறுங்கிக் கிடந்த நேரத்தில் நீ ஒட்டகப் போட்டோ அனுப்பினாய், யாரோ ஆட்டம் ஆடுகிற வீடியோ அனுப்பினாய். அதுதான் உன்னை அறுக்கிறது என்று எனக்குப் புரிய இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

நரேலா வீட்டுக்கு வந்தாய். சுவரைத் தொட்டுப் பார்த்தாய், ஜன்னலைத் திறந்து பார்த்தாய். உள்ளேயே கக்கூஸ் இருக்குடா, வரிசையில நிக்க வேணாம் என்று நான் அசட்டுத்தனமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். விலாஸ் எனக்காக நன்றாகச் சாப்பிட்டான். நீ தட்டைத் தொடவில்லை. மறுநாள் காலையில் அவனுக்கு செங்கோட்டை காட்டுகிறேன் என்று பையோடு கிளம்பினாய். செங்கோட்டைக்குப் போகிறவன் பையை எதற்கு எடுத்துப் போகிறான் என்று எனக்குத் தெரியாதா? கேட்கவில்லை. படியில் இறங்குகிற சத்தம் நின்ற பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிச்ச லீவையெல்லாம் நாசிக்கில் அவன் வீட்டில் கழித்தாய் என்று உன் அப்பா மூலமாகத்தான் தெரியும்.

உனக்கு இருபத்து மூன்று வயசாகிறது. நாளைக்கு ஒருத்தி வருவாள், அவளையும் கரையில் விட்டுவிட்டு நீ போவாய். அப்போது அவளிடம் நீயே சொல்லிவிட்டுப் போ, எதையும் மறைக்காதே, நல்லதோ கெட்டதோ உடனே சொல் என்று. அவளுக்கு யாராவது மைக்கில் வேறு மாதிரி சொன்னாலும் கேட்காதே என்று சொல். அவள் சொல்லுகிற சேதியைக் கேட்டு உன்னால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது, அது உண்மைதான். ஆனாலும் ஒரு வீட்டில் இடி விழுந்தால் அந்த வீட்டு ஆளுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் வைத்தால் அவனை அந்த வீட்டு ஆளாகவே நாம் நினைக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. நான் உன்னை அப்படி நினைக்கவில்லை கண்ணு. ஆனால் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

சரி, இனிமேல் சுற்ற இடமில்லை. அந்த நாளைச் சொல்கிறேன்.

விடிவதற்குள்ளேயே போலீஸ் வந்துவிட்டது. சாமான்களை முதல் நாளே டெம்போவில் ஏற்றியாகிவிட்டது. உன் அப்பா ஃபேனை மட்டும் அன்றைக்குக் காலையில் கழற்றினார், முந்தின நாள் கழற்றினால் எப்படித் தூங்குவது என்று விட்டுவைத்திருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சாலையோரம் உட்கார்ந்தார். போயிடலாம் வா, பார்த்து என்ன ஆகப்போகுது என்றார். நான் வரமாட்டேன் என்றேன். நல்ல வெயில் காலம், காலையிலேயே முகம் எரிந்தது. புல்டோசர்கள் ஒவ்வொரு வரிசையாக வந்தன. சிலர் கத்தினார்கள், சிலர் வீடியோ எடுத்தார்கள். செல்வி அக்கா தரையில் படுத்துவிட்டாள், அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அழவில்லை. அழுகை எங்கேயோ கீழே இருந்தது, வரவில்லை. நம் வரிசைக்கு வண்டி திரும்பின நேரத்தில் என் போன் அடித்தது. தெரியாத நம்பர், முன்னால் கூட்டல் குறி போட்ட நம்பர். நீ.

உனக்கு அந்தக் கால் நினைவிருக்கும். "அம்மா, ஜல்தி, பத்து நிமிஷம்தான், வேற ஒருத்தர் போன்" என்றாய். உன் குரலே சரியில்லை. பெரிய சமையல்காரருக்குக் காய்ச்சல், நாளைக்கு அந்த ஊர் அதிகாரிகள் கப்பலுக்குச் சாப்பிட வருகிறார்கள், நம் ஊர்க் குழம்பு ஒன்று வைக்கச் சொல்லி உன் தலையில் கட்டிவிட்டார்கள், முதல் தடவையாக நீயே பொறுப்பு. "பயமா இருக்கும்மா. உன் காரக்குழம்பு எப்படி வைக்கிறதுன்னு சொல்லு" என்றாய். அப்போது முதல் வீட்டின் கூரை விழுந்தது. என்னம்மா சத்தம் என்று கேட்டாய். ரோடு போடறாங்கடா, நீ எழுதிக்கோ என்றேன்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். நல்லெண்ணெய் தாராளமாக விடு, கடுகு, வெந்தயம், வெந்தயம் கருகினால் அத்தனையும் கசந்துபோகும், பார்த்துக்கொள் என்றேன். சின்ன வெங்காயம் இல்லையே என்றாய், பெரியதையே நறுக்கு என்றேன். பூண்டை முழுசாகப் போடு, கத்திரிக்காயின் காம்பை எடுக்காதே, நாலாகக் கீறி எண்ணெயிலேயே வதக்கு என்றேன். ஒரு போலீஸ்காரப் பெண் வந்து, பீச்சே ஹட்டோ என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். நான் ஒரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்துகொண்டே புளி அளவைச் சொன்னேன். உன் அப்பா ஃபேனோடு எழுந்து நின்று என்னையே பார்த்தார். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாராம், அப்புறம் சொன்னார். யாரோடு பேசுகிறேன் என்று புரிந்ததும் அவர் பக்கத்தில் வந்து நின்று போனில் காதை வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் நம் வீட்டைப் பார்த்துக்கொண்டு உன் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றோம். நீ ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டாய், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. எண்ணெய் பிரிஞ்சு மேல வர வரைக்கும் கொதிக்கணும், அவசரப்படாதே என்று நான் சொன்னபோது, வண்டி நம் வாசலுக்கு வந்துவிட்டது.

"அப்புறம்?" என்றாய். முதல் இடியிலேயே நம் முன்சுவர் விழுந்துவிட்டது. அவ்வளவு லேசான சுவர் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. உள்ளே நாம் நீலப் பெயிண்ட் அடித்த பக்கம் ஊருக்கே தெரிந்தது. "அம்மா, இருக்கியா? அப்புறம்?" என்றாய். "அப்புறம் ஒண்ணுமில்ல கண்ணு. எறக்கிடு" என்றேன். இப்ப பயம் போயிடுச்சும்மா என்று சிரித்தாய். அந்தச் சிரிப்போடு வைத்தாய்.

நான் மறைத்தது இதைத்தான். வீடு போனதை நீ வந்த முதல் நாளே கண்ணால் பார்த்துவிட்டாய். இதைச் சொன்னால் அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து நீ உடைந்துபோவாய் என்று பயந்து போனில் ரேஷனும் தண்ணீரும் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. அந்தப் பத்து நிமிஷம் உன் குரல் இல்லையென்றால் நானும் செல்வி அக்காவுக்குப் பக்கத்தில் மண்ணில் கிடந்திருப்பேன். வெந்தயம் கருகக் கூடாது என்பதைச் சொல்லுகிற அவசரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். உன் அப்பாவும் நின்றார். இனிமேல் யாரிடமும், உன்னிடமேகூட, "நான் இல்லாதப்ப வீடு போயிடுச்சு" என்று சொல்லாதே. நீ இருந்தாய். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், காதோரம் இருந்தாய்.

குழம்பு எல்லாருக்கும் பிடித்தது, ஆனால் உன் கை ருசி வரலம்மா என்று அடுத்த துறைமுகத்திலிருந்து சொன்னாய். வராது. இறக்குவதற்கு முன்னால் சின்னதாக ஒரு துண்டு வெல்லம் போட வேண்டும். அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை. இப்போது அதையும் சொல்லிவிட்டேன். இனி ஒன்றும் பாக்கி இல்லை, வீட்டுக்கு வா.

அம்மா